இருளாத கண்ணாடி: சிங்கப்பூரில் ஒன்பது நாட்கள்

"செவ்வாய், காலை 9.40. இரண்டு கண்களிலும் வெல்டிங் ஒளியால் ஏற்பட்ட காயம். மூன்று நாள் ஓய்வு. வேலையின்போது முகக்கவசம்: அணியவில்லை."

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையை ஒட்டியிருந்த மருத்துவ அறையில் என் தங்கை மகன் முருகேசனுக்குக் கொடுத்த சீட்டில் இப்படி எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் பெயர்த்திருக்கிறேன். முதல் மூன்று வாக்கியங்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான்காவதுதான் என் பயணத்தின் பின்பாதியைத் தின்றுவிட்டது. முருகேசன் பெயரில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்புக் குற்றம் பதிவாகியிருந்தது. உயரத்தில் வேலை செய்தபோது இடுப்பு வாரைக் கொக்கியில் மாட்டவில்லை என்பது அது. இரண்டாவது பதிவானால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று அவனுடைய விடுதியில் எல்லோரும் சொன்னார்கள்.

நான் போனது இதற்காக அல்ல. அறந்தாங்கியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரிலிருந்து கடல் கடந்து போனவர்களைப் பற்றிய குறிப்புகளைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். சிங்கப்பூர் நூலகத்தில் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களின் படச்சுருள்கள் இருப்பதாகவும், அவற்றில் எங்கள் ஊர் வணிகர்களின் அறிவிப்புகள் இருக்கக்கூடும் என்றும் அங்கே வாழும் சூசைராஜ் எழுதியிருந்தார். அவருடைய தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவை நான் எங்கள் ஊர் மாதா கோவிலில் தேடிக் கொடுத்ததிலிருந்து எங்களுக்குள் பழக்கம். ஆளை நேரில் பார்த்தது இதுதான் முதல்முறை.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். தோ பாயோவில் ஏழாவது மாடியில் சூசைராஜின் வீடு. மனைவி இறந்துவிட்டார்; மகள் வேறு பேட்டையில் இருக்கிறாள். மனிதர் ஒல்லி, எழுபதைத் தாண்டியவர், எதைச் சொன்னாலும் கையால் காற்றில் வரைந்து காட்டுவார். முப்பது வருடம் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்ததாகச் சொன்னார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கைக்கடிகாரங்களுக்கும் கால்குலேட்டர்களுக்கும் எண் தெரிகிற கண்ணாடி செய்தோம் என்றார். சரி, கண்ணாடித் தொழிற்சாலை என்று குறித்துக்கொண்டேன். அது தவறான குறிப்பு என்று ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நூலகத்துக்குத் தனியாகப் புறப்பட்டேன். பேருந்து எண்ணைச் சரியாகப் பார்த்தேன். சாலையின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெரிய பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் எழுந்து வந்து, இதற்கு மேல் வண்டி போகாது என்றார். எங்கள் ஊரில் தவறான பேருந்தில் ஏறினால் பாதி வழியிலேயே நான்கு பேர் சொல்லிவிடுவார்கள். இங்கே எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டைக் கண்டுபிடிக்க இன்னும் அரை மணி. அத்தனை கட்டடங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. நான் குறித்து வைத்திருந்தது கட்டட எண் அல்ல, அதன் எதிரே நின்ற கார் எண்.

சனிக்கிழமை நூலகத்தை அடைந்தேன். எங்கள் ஊர் பெயர் ஓரிடத்திலும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூசைராஜ் பூசைக்கு மாதா கோவிலுக்குப் போய்விட்டார். பிற்பகலிலும் அங்கேயே பங்கு மக்களின் ஏதோ கூட்டம். முருகேசன் என்னை லிட்டில் இந்தியாவுக்கு வரச் சொல்லியிருந்தான். அவனை ஐந்து வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். சிராங்கூன் சாலையில் அந்தக் கூட்டத்துக்குள் அவன்தான் என்னைக் கண்டுபிடித்தான். ஒரு வாரத்து வேலையை முடித்த ஆயிரக்கணக்கானவர்கள் தெருவை நிறைத்துக்கொண்டு நடந்தார்கள். நிற்க முடியவில்லை, திரும்ப முடியவில்லை. எல்லோரும் போகிற திக்கில் போனால் மட்டும் நகர முடிந்தது.

தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டோம். பிறகு பஃபலோ சாலையில் அவன் மாலை, பொரி, கடலை, சந்தனம், குங்குமம் எல்லாம் வாங்கினான். எதற்கு என்றேன். ஆயுத பூஜை என்றான். நாட்காட்டிப்படி நவமி வியாழக்கிழமை. இன்றைக்குத் திதியே வேறு என்றேன்.

"எங்களுக்கு லீவு விடுற அன்னைக்குத்தான் மாமா நவமி. வியாழக்கிழமை சாமி வந்தா நாங்க ரூம்ல இருக்க மாட்டோம்லா" என்றான்.

அவனுடைய விடுதி இருக்கும் கிராஞ்சிக்குப் போகும் பேருந்து அரை மணிக்கு ஒன்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்று அப்போதுதான் கிளம்பிப் போனது. விடுதி வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். வந்த நேரம், போன நேரம் என்று தனித்தனிக் கட்டம். எனக்கு அந்த இடம் உடனே பிடித்துவிட்டது.

சமையல் கூடத்தின் ஒரு மூலையில் மேசை போட்டுச் சாமி படம் வைத்திருந்தார்கள். சுத்தியல், ஸ்பானர், இரும்பைத் தேய்க்கும் அரவை இயந்திரம், வெல்டிங் கைப்பிடிகள், கறுப்புக் கண்ணாடி பதித்த பழைய முகக்கவசங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. முருகேசனுடையது மட்டும் புதிது. போன வாரம்தான் கொடுத்தார்களாம். பழைய கவசத்தில் கண்ணாடி எப்போதும் கறுப்பு. அதை இறக்கினால் ஒன்றும் தெரியாது, ஏற்றினால் பாதுகாப்பில்லை. புதியதில் கண்ணாடி சாதாரணமாக இருந்து, நெருப்பு பற்றியதும் தானே இருண்டுவிடும் என்று பெருமையாகச் சொன்னான். எப்படி என்று கேட்டேன். மேலே சோலார் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்றான்.

இருந்தவர்களில் வயதில் மூத்தவன் நான். பொட்டு வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். பொருளுக்கு முகம் எது என்று பார்த்து அந்த இடத்தில் வைப்பது என் வழக்கம். புதிய கவசத்தில் மட்டும் முகம் தேட வேண்டியிருக்கவில்லை. அதற்கு நெற்றி இருந்தது, கண்கள் இருந்தன. அன்றைய என் நாட்குறிப்பு: "மாலை 4.15 முதல் 4.40 வரை. இருபத்தொரு கருவிகள். புதிய கவசத்துக்கு மட்டும் மூன்று பொட்டு."

திங்கட்கிழமை மீண்டும் நூலகம். மீண்டும் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை முருகேசன் கைபேசியில் அழைத்தான். கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது, விடியலிலிருந்து திறக்க முடியவில்லை என்றான். திங்கட்கிழமை ஒரு கப்பலின் அடித்தொட்டிக்குள் வேலை. மதியத்துக்கு மேல் கண்ணாடி இருளவில்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்தபோது இவன் கவசத்தை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். அதைத்தான் அவர் எழுதினார்; அதுதான் மருத்துவச் சீட்டிலும் ஏறியது. கவசம் கெட்டுப்போய்விட்டது என்று இவன் சொல்லியிருக்கிறான். அன்று காலை கிடங்கில் ஒருவர் அதை வாங்கித் துடைத்து, மேசைமேல் வைத்துச் சோதித்துப் பார்த்தார். கண்ணாடி ஒழுங்காக இருண்டது.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க மாமா. நீங்களும் அப்படித்தான் நினைப்பீங்க."

நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இரண்டு சாட்சியங்கள் எதிரெதிராக இருந்தன. ஒரு கண்ணாடி திங்கட்கிழமை இருளாமல் செவ்வாய்க்கிழமை எப்படி இருளும்? முதலில் ஒரு கண்ணாடி எதற்காக இருள வேண்டும்?

சூசைராஜிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வாங்க சாப்பிட்டுக்கிட்டே பேசலாம் என்று கீழே உணவங்காடிக்குக் கூட்டிப்போனார். எனக்கு மீ ஹூன் கோரிங் என்கிற வறுத்த அரிசிச் சேமியா, அவருக்குத் தே ஓ என்கிற பால் இல்லாத தேநீர். அப்போதுதான் அவருடைய முப்பது வருட வேலை கண்ணாடி செய்வதல்ல, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒன்றை அடைப்பது என்று தெரிந்தது.

"அதுக்குப் பேரு திரவப் படிகம். லிக்விட் கிரிஸ்டல். உங்க மருமகன் மாஸ்க்லயும் அதுதான் இருக்கு."

திரவமா, படிகமா என்று கேட்டேன். இரண்டும் என்றார். பாதி உருகிய நெய் மாதிரியா என்றேன். இல்லை, நெய்யில் கட்டி தனி, உருகினது தனி. இதில் ஒவ்வொரு சொட்டும் இரண்டுமாக இருக்கும் என்றார். எனக்குப் புரியவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையைப் பார்த்தீர்களே, அதுதான் என்றார். யாருக்கும் நிலையான இடம் கிடையாது, எல்லோரும் நகர்கிறார்கள். அந்த அளவில் திரவம். ஆனால் எல்லோர் உடம்பும் ஒரே திக்கைப் பார்த்திருக்கிறது. அந்த அளவில் படிகம். மூலக்கூறுகள் குச்சி குச்சியாக இருப்பதால் அப்படி ஒரே வாக்கில் படுத்துக்கொள்கின்றன. இன்னொரு வகையில் திக்கு மட்டும் போதாது, அடுக்கடுக்காகவும் நிற்கும். ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டில் ஆள்கள் படிக்கு ஒருவராக நிற்பது போல. அடுக்குக்கு அடுக்கு வழுக்கும், அடுக்கு கலையாது. மூன்றாவது வகையில் ஒவ்வொரு மட்டமும் முந்தியதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கும், சுழல்படி மாதிரி. சூடு மாறினால் சுழல் இறுகும், தளரும். அதோடு அது திருப்பி அனுப்புகிற நிறமும் மாறும். மீன் தொட்டியில் ஒட்டுகிற வெப்பமானிப் பட்டை அப்படித்தான் வேலை செய்கிறது என்றார்.

மூன்று வகைகளையும் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். இவற்றில் எது முருகேசனைக் கைவிட்டது என்று கேட்டேன்.

சூசைராஜ் என் தட்டை இழுத்துக்கொண்டார். முள்கரண்டியால் மீ ஹூனை ஒரே பக்கமாகச் சீவினார். தொழிற்சாலையில் வெல்வெட் துணி சுற்றிய உருளையால் கண்ணாடியை ஒரே வாக்கில் தேய்ப்பார்களாம். கண்ணுக்குத் தெரியாத கோடு விழும். குச்சிகள் அந்தக் கோட்டை ஒட்டிப் படுக்கும். மேல் கண்ணாடியைக் குறுக்கே தேய்த்து மூடினால், கீழே வடக்கு தெற்காகப் படுத்த குச்சிகள் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மேலே கிழக்கு மேற்காகிவிடும். மீ ஹூனின் மேல்பகுதியை அவர் குறுக்கே சீவிக் காட்டினார். பக்கத்து மேசையில் இருந்த மலாய்ப் பெண்மணி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட்டும் அந்தத் திருப்பத்தோட சேர்ந்து திரும்பும்ணே. ரெண்டு பக்கமும் ஒரு படலம் ஒட்டுவோம். ஜன்னல் கம்பி மாதிரி. ஒண்ணுல கம்பி நட்டுக்குத்தா, இன்னொண்ணுல படுக்கையா. லைட்டு திரும்பி வந்தாத்தான் ரெண்டாவது கம்பில நுழையும். கரண்டு குடுத்தா குச்சியெல்லாம் எழுந்து நின்னுக்கும். திருப்பம் போச்சு, லைட்டு அடைபட்டுப் போச்சு. கறுப்பு. அவ்ளோதான்லா."

அவ்வளவுதான் என்று அவருக்கு இருந்தது. அவர் சீவிய மீ ஹூனைக் குழப்பித் தின்றுவிட்டு, பிற்பகல் நூலகத்துக்குப் போனேன். செய்தித்தாள்களை விட்டுவிட்டு அறிவியல் அடுக்குக்குப் போனேன். இந்தப் பொருளை முதலில் கவனித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில் தாவரங்களை ஆராய்ந்த ஒருவர் என்று இருந்தது. கேரட்டிலிருந்து எடுத்த பொருளைச் சூடாக்கினார். நூற்று நாற்பத்தைந்து டிகிரியை ஒட்டி உருகிக் கலங்கலான திரவமானது. மேலும் சூடாக்கினால் நூற்று எழுபத்தெட்டை ஒட்டி மறுபடி ஒருமுறை உருகியது போலத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் திகைத்தாராம். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் ஜாதகத்தில் ஒன்றும் உள்ளவர்களை நாற்பது வருடம் பார்த்தவன் நான். அவருடைய திகைப்பு மட்டும் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

புதன்கிழமை சூசைராஜ் என்னை ஜாலான் புசார் பக்கம் ஒரு வன்பொருள் கடைக்கு அழைத்துப்போனார். முருகேசனுடையது போன்ற கவசம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் பேச முடியும் என்றார். கடைக்காரர் சீனர், பெரிய தொந்தி, வாயில் பல்குச்சி. வாங்கப் போவதில்லை என்று எங்களைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். ஆனாலும் கவசத்தை எடுத்துக் கொடுத்தார்.

முகத்தில் மாட்டினேன். கடை முழுக்கப் பச்சையாகத் தெரிந்தது, பாசி பிடித்த குளத்துக்குள்ளிருந்து பார்ப்பது போல. கடைக்காரர் என் முகத்துக்கு நேரே அடுப்பு பற்றவைக்கும் லைட்டரைச் சொடுக்கினார். கடை மறைந்துவிட்டது. லைட்டர் முனையில் ஒரு பொறி மட்டும் இருந்தது. உடனே கடை திரும்பி வந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். கவசம் நழுவியதால் இரண்டு கையாலும் முன்புறம் பிடித்துக்கொண்டேன். அவர் சொடுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. பச்சை பச்சையாகவே இருந்தது. மறுபடி சொடுக்கினார். இல்லை.

கடைக்காரர் மலாயும் ஆங்கிலமும் கலந்து ஏதோ சொன்னார். சூசைராஜ் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அங்க விரல் வைக்காதீங்கன்றாரு. அது அதோட கண்ணாம். கண்ணைப் பொத்துனா அதுக்கு எப்படித் தெரியும், வெளிச்சம் வந்துச்சுன்னு."

கவசத்தைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே, வலது ஓரத்தில் ஒன்றும் இடது ஓரத்தில் ஒன்றுமாக, பொட்டு அளவில் இரண்டு சிறிய வட்டக் குழிகள். அவற்றுக்கு உள்ளே இருக்கும் உணரிகள் ஒளியைக் கண்டால்தான் மின்சாரம் போகும். போனால்தான் குச்சிகள் எழுந்து நிற்கும். சோலார் பட்டை மின்சாரம் தருவதோடு சரி.

கவசத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என் விரல் எங்கெல்லாம் போனது என்று சூசைராஜிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பழைய கவசத்துக்கு வருடா வருடம் பொட்டு வைத்தார்கள், அதற்குக் கண் கிடையாது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் சொன்னார். நாலடி நடந்ததும், அப்படியும் கணக்கு உதைக்கிறதே என்றார். கண்ணாடியின் முன்னால் இன்னொரு வடிகட்டி உண்டு. கண்ணைப் புண்ணாக்கும் புறஊதாக் கதிரை அது எப்போதும் தடுத்துவிடும். கண்ணாடி இருண்டாலும் இருளாவிட்டாலும். இருளாத கவசத்தைப் போட்டிருந்தால் கண் கூசும், கொஞ்ச நேரம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். மணல் போட்ட மாதிரி எரியாது.

"அப்ப அவன் மாஸ்க்கைத் தூக்கிட்டுத்தான் நெருப்பு வச்சிருக்கான்."

கடையை விட்டு வெளியே வந்தபோது குற்றவாளி நான் என்று தெளிவாக இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் அதுவும் கலங்கிவிட்டது.

அன்றே கிராஞ்சிக்குப் போனேன். இந்த முறை பேருந்து உடனே கிடைத்தது. முருகேசன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பொட்டைப் பற்றிச் சொன்னேன். வேலைக்குப் போவதற்கு முன்னால் அதை ஏன் துடைக்கவில்லை என்று கேட்டேன். சாமிக்கு வச்ச பொட்டை யாரு மாமா துடைப்பா என்றான். காலையில் கண்ணாடி ஒழுங்காக இருந்ததா என்றேன். காலை முழுக்க அரவை வேலைதான்; வெல்டிங் மதியத்துக்கு மேல்தான் தொடங்கியது. முதல் பொறியிலேயே கண் கூசிவிட்டது. பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"மூணே மூணு டாக்கு மாமா. தகடு நகராம இருக்க ஓரத்துல ஒட்டு வைக்கணும். மாஸ்க் வேலை செய்யல, பின்னாடி ரெண்டு பேரு எனக்காக நிக்கிறாங்க. தூக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு வச்சேன்."

ஆக, நான்காவது வாக்கியம் பொய் இல்லை. முருகேசன் சொன்னதும் பொய் இல்லை. இரண்டும் ஒரே பிற்பகலில் அடுத்தடுத்து நடந்தவை. சீட்டில் பின்னது மட்டும் ஏறியிருந்தது.

நடந்ததைப் பட்டறைக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்கள் சிவந்து, இமைகள் தடித்திருந்தன.

"எழுதுனா, ரெண்டு ஓட்டையிலயும் பொட்டு வச்சேன்னு எழுதுங்க மாமா. டாக்கு வச்சதை எழுதாதீங்க."

வியாழக்கிழமை, நாட்காட்டிப்படி நவமி. சூசைராஜும் நானும் முருகேசனும் ஜூரோங் போனோம். ரயிலில் ஏறி, நான் எதிர்ப்பக்க வாசலில் இறங்கப் போய், சூசைராஜ் சட்டையைப் பிடித்து இழுத்தார். பட்டறைக்குள் வெளியாளை விடமாட்டார்கள். வாயிலை ஒட்டிய சிற்றுண்டிச் சாலைக்கு வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். உள்ளூர்த் தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். கையில் தலைக்கவசம், பெயர் கவிதா. முருகேசன் எழுந்து நின்று மிஸ் என்றான். அவர் என்னைப் பார்த்து, உக்காருங்க அங்கிள் என்றார்.

நான் முந்தின நாள் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஞாயிறு மாலை எத்தனை மணிக்கு, யார் யார் இருந்தார்கள், சந்தனம் எவ்வளவு கெட்டி, எல்லாம் இருந்தது. மூன்று டாக்கும் இருந்தது. முருகேசனிடம் அதைக் காலையிலேயே சொல்லிவிட்டேன். ரயிலில் அவன் என்னைவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

கவிதா நிறுத்தி நிறுத்தித் தமிழைப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "அங்கிள், இந்த மாஸ்க்ல ரெண்டு சென்சார். ஒண்ணு மறைஞ்சா இன்னொண்ணு வேலை செய்யணும். நீங்க ரெண்டுலயும் வச்சீங்களா, ஒண்ணுலயா?" என்றார்.

மூன்று பொட்டு என்றேன். எங்கே என்றார். ஒன்று நெற்றி நடுவில். அது நிச்சயம். மற்ற இரண்டும் இரண்டு குழிகளிலும் இருக்கலாம். ஒன்று குழியிலும் மற்றது கண்ணாடிக்குக் கீழே தாடையிலும் இருக்கலாம். பொட்டு வைக்கும்போது யாரோ என்னிடம் பொரித் தட்டை நீட்டினார்கள், நான் திரும்பினேன். இருபத்தொரு கருவிகள் என்று எண்ணிக் குறித்தவன், அந்த ஒன்றைக் குறிக்கவில்லை. முருகேசனைக் கேட்டால் தெரியாது என்றான். பொட்டு இருந்தது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். கவசத்தை அதற்குள் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

முருகேசன் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தொட்டான். இரண்டு என்று ஒரு சொல். அதை நான் சொல்லியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது.

நினைவில்லை என்றேன். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கவிதா தாள்களை மடித்துக்கொண்டு முருகேசனைப் பார்த்தார். மாஸ்க் வேலை செய்யவில்லை என்றால் நெருப்பை நிறுத்திவிட்டு மேலே வந்து சொல்ல வேண்டும் என்று அவனுக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்திருப்பதை நினைவூட்டினார். அவன் எஸ் மிஸ் என்றான். என்ன ஆகும் என்று நான் கேட்டேன். நாளைக்குச் சொல்றேன் அங்கிள் என்று எழுந்து போய்விட்டார். சூசைராஜ் மூன்று பேருக்கும் கோப்பி வாங்கி வந்தார். முருகேசன் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு உங்க நோட்டு முக்கியம் மாமா" என்றான்.

வெள்ளிக்கிழமை நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கவிதா சூசைராஜின் கைபேசிக்கு அழைத்து என்னிடம் கொடுக்கச் சொன்னார். நான்காவது வாக்கியத்தை அழிக்க முடியாது, அது நடந்தது என்றார். ஆனால் அது இப்போதைக்கு இரண்டாவது குற்றமாக ஏறாது.

"ரெண்டுலயும்னு நீங்க சொல்லியிருந்தா கேஸ் முடிஞ்சிருக்கும் அங்கிள். சென்சாரை மறைச்சதும் இவன், மாஸ்க்கைத் தூக்குனதும் இவன்னு போட்டிருப்பாங்க. ஒண்ணுலதான்னா மாஸ்க் மேலயும் தப்பு இருக்கணும். அதே செட்ல இன்னும் நாப்பது மாஸ்க் குடுத்திருக்கோம். அதனால எல்லாத்தையும் சப்ளையர்கிட்ட அனுப்பி டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கேன். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் முருகேசன் ஃபைல் ஓப்பன்லதான் இருக்கும். அவன் வேலைக்கு வரலாம்."

எப்போது அறிக்கை வரும் என்று தேதி கேட்டேன். தேதி சொல்லத் தெரியாது என்றார்.

மதியம் முருகேசனிடமிருந்து குரல் செய்தி வந்தது. காலையில் வேலைக்கு முன் கூட்டத்தில் அவனை முன்னால் நிறுத்தி, கவசத்தின் கண்களைக் கட்டைவிரலால் பொத்திக் காட்டச் சொன்னார்களாம். ஊரிலிருந்து வந்த மாமா வைத்த பொட்டு என்று கவிதா சொன்னதும், வங்காளதேசத்துக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்களாம். இனிமேல் பூஜைக்கு மாஸ்க்கைக் கொண்டுபோகக் கூடாது என்று புதிய விதி. "ஸ்பானருக்கு மட்டும் வச்சுக்கலாமாம் மாமா" என்று சொல்லிவிட்டு, போய்ச் சேந்ததும் அம்மாக்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க என்று முடித்திருந்தான்.

சூசைராஜ் விமான நிலையம் வரை வந்தார். பயணிகளை உள்ளே விடும் வாசலருகே அந்தத் திருப்பத்தை, வடக்கு தெற்கு கிழக்கு மேற்காக ஆவதை, இன்னொரு முறை கையால் காட்டினார். நான் இரண்டு உள்ளங்கைகளையும் குறுக்காக வைத்துத் திருப்பிச் செய்து காட்டினேன். சரிதான் என்றார். உள்ளே போனதும் மறுபடி குழம்பிவிட்டது.

ஊர் திரும்பி நாற்பது நாள் ஆகிறது. அறிக்கை இன்னும் வரவில்லை. முருகேசன் அரவைப் பிரிவில் வேலை செய்கிறான், கண் சரியாகிவிட்டது. வெல்டிங்கிலிருந்து அவனை ஏன் மாற்றினார்கள் என்று விசாரித்துக் கடிதம் எழுதச் சொல்லித் தங்கை கேட்கிறாள். நான் எழுதவில்லை. நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கீழே பிறகு இப்படிச் சேர்த்திருக்கிறேன்: "இரண்டாவது, மூன்றாவது பொட்டுகள் கவசத்தின் இரண்டு உணரிகளையும் மறைத்தனவா, ஒன்றை மட்டுமா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை."